ஏகமனதாக ஒரு கலங்கரை விளக்கம்

அந்த யோசனை மாமிக்கு முதன்முதலாகத் தோன்றியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பேரூராட்சி மன்றக் கூட்டம். தெருவிளக்குத் தீர்மானத்தை வாசித்துக்கொண்டிருந்த மாமி, தும்மல் வருவதுபோல இருந்ததால் பாதியில் நிறுத்தினார். தீர்மானம் முடிந்துவிட்டது என்று நினைத்து உறுப்பினர்கள் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். பிறகு தும்மல் வந்தது. அதற்கும் தட்டினார்கள்.

மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். "பாத்தியா ஏட்டி? தும்மலும் ஏகமனதா நிறைவேறிட்டு. இவனுவ முன்னால என்னத்தச் சொன்னா வேண்டாம்னு சொல்லுவானுவ?"

கேட்டது விளையாட்டாகவா, வேதனையாகவா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. முகம் சுவர் மாதிரி இருந்தது. நோய் கையை ஆட்ட ஆரம்பித்த கையோடு முகத்தை நிறுத்தி வைத்திருந்தது.

மாமி எங்கள் பேரூராட்சித் தலைவர். நாகர்கோவிலில் இராஜாக்கமங்கலம் பஸ் ஏறி, கண்டக்டரோடு நிதானமாக ஒரு சண்டை போட்டு முடிக்கிற தூரத்தில் எங்கள் ஊர். அலுவலகத்தில் 'தலைவர் அம்மா'. ஊரில் எல்லாருக்கும் சேர்மன் மாமி. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "எதுக்குட்டி எழுதின?" என்று சண்டைக்கு வருவார். எழுதாவிட்டால், "எதுக்குட்டி எழுதல்ல?" என்று வருவார். எனக்கு இரண்டாவது சண்டை கொஞ்சம் எளிது.

சண்டைதான் மாமி. வஞ்சம் கிடையாது, கோபம்கூட அவ்வளவு கிடையாது. எதிர்த்துப் பேசுவதில் ஒரு ருசி. கல்யாணப் பந்தியில் பாயசம் விளம்பும்போது, அதில் பப்படத்தை நொறுக்குவதா, பழத்தைப் பிசைவதா என்று எங்கள் பக்கத்தில் எப்போதும் இரண்டு கட்சி உண்டு. மாமி பப்படக் கட்சியாகப் பேசி, பழக் கட்சிக்காரர் ஒருவரை எழுந்தே போகும்படி செய்தார். அவர் போன பிறகு இலையில் பழத்தைப் பிசைந்தார். "என்ன மாமி இது?" என்றேன். "ருசி வேற, நியாயம் வேற மக்களே" என்றார்.

மாமி தேர்தலுக்கு வந்ததும் இப்படித்தான். அவர் வார்டில் ஒருவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். "எதுத்து ஒரு ஆளில்லாம ஜெயிச்சா அவருக்கு ராத்திரி ஒறக்கம் வருமா?" என்று மாமி சுயேச்சையாக மனுப் போட்டார். அந்த மனிதர் நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் போட்டாராம். அவர் தோற்று, நன்றாகத் தூங்கினார். மன்றத்தில் இரண்டு அணிகளும் சரிக்குச் சரியாக வந்தபோது தலைவர் நாற்காலிக்கு மாமியை இரண்டு அணிகளுமே ஏற்றுக்கொண்டன. மாமி மற்ற அணியோடு சண்டை போடுவார் என்று ஒவ்வோர் அணியும் நம்பியது. இரண்டு நம்பிக்கையும் வீண்போகவில்லை.

நான் அப்போது கல்லூரி முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, கைபேசியில் ஓர் உள்ளூர்ச் செய்திப் பக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஓடியது மாமியின் வாயாலும் தபசிமுத்துவின் வாயாலும்தான்.

தபசிமுத்து பதினோராவது வார்டு உறுப்பினர். சந்தையில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். உறவுமுறை எதுவும் இல்லாமலே மாமியை அண்ணி முறையாக்கி 'மைனி' என்று கூப்பிடுவார். அந்த மைனியில் ஏழு விதக் குத்தல் இருக்கும். மாமி பதிலுக்கு, 'கொழுந்தனாரே' என்பார். மீன்சந்தைத் தண்ணீர் பள்ளிக்கூட வாசலில் தேங்குவதற்கு ஒரு வடிகால் கட்ட வேண்டும் என்பது மாமியின் முதல் தீர்மானம். அதைத் தபசிமுத்து ஒவ்வொரு கூட்டத்திலும் எதிர்த்தார். எதிர்த்து எதிர்த்தே அந்த வடிகாலின் அகலம், ஆழம், வாட்டம் எல்லாம் சரியாகி, கடைசியில் நிதியும் ஒதுக்கியாயிற்று.

"அவன் இல்லேன்னா ஓடைய பள்ளிக்கூடத்துக்குள்ள விட்டிருப்பேன்" என்று மாமியே சொல்லியிருக்கிறார். தபசிமுத்து இல்லாதபோதுதான்.

நோய் வந்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அடக்கம் வந்துவிட்டது என்றார்கள். குரல் இறங்கியது, பக்குவம் என்றார்கள். சிரிப்பு குறைந்தது; பதவியின் கம்பீரம் என்றார்கள். கதவு நிலைக்கு முன்னால் வந்ததும் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மற்றவர்களை முதலில் உள்ளே விடுகிற பண்பு என்று ஒரு பாதிரியார் மேடையிலேயே பாராட்டினார். ஒரு நல்ல தலைவருக்கு என்னென்ன லட்சணங்கள் வேண்டும் என்று ஊர் நினைத்ததோ, அத்தனையையும் அந்த நோய் மாமிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

தபசிமுத்துவுக்கு மட்டும்தான் சந்தேகம். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றார். "மைனி முந்தானைக்குள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்கிய? போனா? நாங்க பேசுதத பூரா பதிவு பண்ணி மேல அனுப்புதியளோ? கைய வெளிய காட்டணும்!"

மாமி முந்தானையை விலக்கிக் கையை மேசைமேல் வைத்தார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு மணியை உருட்டிக்கொண்டிருந்தன. மேசையிலிருந்த டம்ளர் தண்ணீரில் அலை எழுந்தது.

"இதாக்கும் வே ஒளிச்சு வச்சிருந்தது. பார்க்கின்சன் நோய். டாக்டரு பேரு எழுதித் தந்திருக்காரு. பதிவு பண்ணிக்கிடும்."

தபசிமுத்து நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார். அடுத்த நாள் காலையில் மாமி வீட்டு வாசலில் ஒரு முழு மட்டி வாழைக்குலையோடு நின்றார். "அம்மா, மன்னிச்சிரணும்" என்று அழுதார். மாமிக்கு நோயைவிட அந்த 'அம்மா'தான் பெரிய அதிர்ச்சி. "மைனிண்ணு சொல்லும் வே" என்றார். "இனி அந்த நாக்கால அப்படிச் சொல்லுவேனா தாயே!" என்று தபசிமுத்து இன்னும் ஒரு படி ஏறினார்.

அன்றைக்குத் தொடங்கியது ஊரின் அன்பு. கடற்கரைச் சர்ச்சிலிருந்து மந்திரித்த எண்ணெய் வந்தது. அய்யா வழித் தாங்கல் கோயிலிலிருந்து திருமண் வந்தது. மேற்கேயிருந்து ஒரு வர்ம வைத்தியர், கேட்காமலே கஷாயம் அனுப்பினார். எல்லாச் சாமிகளும் மாமியின் மேசைமேல் சண்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ரேஷன் கடைத் திறப்பு விழாவில், மாமிக்குக் கஷ்டம் வேண்டாமென்று நாடாவை முன்னாடியே வெட்டி, பின்பக்கம் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். "வெட்டின நாடாவ வெட்டுததுக்கு நான் எதுக்குவே?" என்றார் மாமி. குத்துவிளக்கில் நாலு திரியை ஏற்கெனவே ஏற்றிவிட்டு, ஐந்தாவதற்கு மாமியின் மணிக்கட்டை இரண்டு பேர் இறுக்கிப் பிடித்தார்கள். புகைப்படத்தில் பார்த்தால் மாமியைக் கைது செய்வதுபோல இருந்தது. துணைத் தலைவர், 'நோயை வென்ற வேங்கையே' என்று ஃப்ளெக்ஸ் வைத்தார். "வெல்லவெல்லாம் இல்ல, அது எங்கூடதாம் இருக்கு" என்று மாமி சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போகிற இடத்தில் எல்லாம் மாமியைத் தாண்டி என்னிடம் பேசுவார்கள். "மாமி சாயா குடிப்பாங்களா?"

"மாமிக்குக் காது கேக்கும்ணு அவருட்ட சொல்லுட்டி" என்பார் மாமி. கேட்டவர் மறுபடியும் என்னிடமே திரும்பி, "சீனி போடலாமா?" என்பார்.

நானும் ஒரு நாள் உற்சாகமாக, மாமி மெதுவாக நடந்து வருவதை எடுத்து, பின்னணியில் வயலின் வைத்துக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். "இது செத்தவியளுக்குப் போடுத பாட்டுல்லா? வயலின எடு. இல்லேன்னா போனத் தூக்கி கொளத்துல சாடிருவேன்" என்றார். எடுத்துவிட்டேன். போனைக் காப்பாற்றிக்கொண்ட சந்தோஷத்தைவிட, மாமி ஏசினார் என்பதில் ஒரு ஆசுவாசம்.

இதற்கு நடுவில்தான் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு விஷயம் சொன்னாள். இந்த நோயில் குரல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நமக்குச் சரியாகப் பேசுவதுபோல இருக்கும், மற்றவர்களுக்குக் கேட்காது. அதனால் தினமும் சத்தமாக, கிட்டத்தட்டக் கத்துவது மாதிரிப் பேசிப் பழக வேண்டும். வெளியே வந்த மாமியின் நடையே மாறியிருந்தது. "கேட்டியாட்டி, மருந்துச் சீட்டுல சண்ட எழுதியாச்சு!"

ஆனால் யாரோடு? மன்றத்தில் வாயைத் திறந்தாலே தட்டுகிறார்கள். வீட்டில் சுவரைப் பார்த்து, "வடிகால் எங்கவே?" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி தைலத்தோடு ஓடி வந்தாள்.

இப்போது அந்தத் தும்மலுக்கு அடுத்த கூட்டம். மாமி ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். "நமது பேருந்து நிலையத்தில், பேருந்துகள் திசை தவறாமல் வந்து சேரும்பொருட்டு, ஒரு கலங்கரை விளக்கம் அமைக்கலாம் என்பது மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படுகிறது."

எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

தபசிமுத்து எழுந்தார். மாமி நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். அந்த முகத்திலும் ஆவலைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்வேன்.

"அம்மா அவர்களின் தொலைநோக்குக்கு எனக்க வார்டு மக்கள் சார்பா நன்றி" என்றார் தபசிமுத்து. "ஒரே ஒரு திருத்தம். உச்சியில சுத்துத லைட்டா போடணும்."

மேசைகள் அதிர்ந்தன. ஏகமனது.

அன்று மாமி தனி அறையில் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அடுத்த கூட்டத்துக்கு முந்தைய நாள் அந்தச் சிரிப்பு நின்றது. துணைத் தலைவர் ஒரு வரைபடத்தோடு வந்து நின்றார். வரைந்தது அவருடைய சகலை. கட்டப் போவதும் சகலைதான். கோபுரத்தின் அடியில் மாமியின் பெயர் பொறித்த பளிங்குக்கல்லுக்கும் இடம் விட்டிருந்தது. நிதி? மீன்சந்தை வடிகாலுக்கு ஒதுக்கியதை இதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மதிப்பீட்டுக் குறிப்பில் எழுதியிருந்தது. மறுநாள் கூட்டத்தில் அதற்கும் அனுமதி கிடைத்தால் வேலை தொடங்கிவிடும்.

"நான் வெளயாட்டுக்குச் சொன்னதுவே. வாபஸ் வாங்குதேன்" என்றார் மாமி.

செயல் அலுவலர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெளியூர்க்காரர், நல்ல மனிதர். "மேடம், வாபஸ் வாங்காதீங்க. போன மாசம் நீங்க முன்மொழிஞ்சது, இந்த மாசம் விளையாட்டுன்னா, மேடத்துக்குப் புத்தி தடுமாறுதுன்னு சொல்லுவாங்க. துணைத் தலைவர் ஏற்கெனவே எங்கிட்டக் கேட்டுட்டார், இந்த நோயில மறதியும் வருமாமேன்னு. பொறுப்பை அவர்கிட்ட மாத்த அதுவே போதும்."

"வாங்கல்லேன்னா?"

"விளக்கு வரும். வடிகால் போகும்."

மாமியின் கை வேகமாக உருட்டியது. "வேற வழியே இல்லியா?"

"உறுப்பினர் யாராவது ஒருத்தர் எழுந்து ஆட்சேபிச்சு, விவாதம் நடந்தா, மறுபரிசீலனைன்னு நீங்க தள்ளி வைக்கலாம். அது முறைதான். யாரும் குறை சொல்ல முடியாது. ஒருத்தர் போதும் மேடம்."

ஒருத்தர். மாமி என்னைப் பார்த்தார். "ஆட்டோ பிடி. மண்டிக்குப் போவோம்."

அன்று சாயங்காலம். மண்டியில் குலைகள் தொங்கின. நடுவில் தபசிமுத்து. எங்களைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மாமி வாசற்படிக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது. பாதம் தரையில் ஆணி அடித்தது மாதிரி.

"அம்மா! ஏலே, நாற்காலி கொண்டா! ரெண்டு பேரு வந்து தூக்குங்கலே!"

"தொட்டா கடிப்பேன்" என்றார் மாமி. "அந்தா குல தாங்குத கம்பு கெடக்குல்லா, அத எனக்க காலுக்கு முன்னால குறுக்கப் போடும்."

"குறுக்கயா?"

"ஆமா. தாண்டுததுக்கு ஒண்ணு இருந்தா காலு எந்திரிக்கும். டாக்டரு சொன்னது."

"சொகமில்லாத பொம்பளைக்க காலுக்குக் குறுக்க நான் கம்பு போடவா? தட்டி விழுந்தா ஊரு என்ன சும்மா விடுமா? முடியாது தாயே."

"விழுதது நானு. பயம் ஒமக்காவே?"

"எனக்கு ஒரு பயமும் இல்ல. தூக்கி உள்ள கொண்டு வாறோம், மரியாதையா இருக்கும்."

"வாழக்கொலையா நானு, தூக்கிக் கொண்டு வைக்க? கம்பப் போடும்!"

"போட மாட்டேன்!"

"பதினோராம் வார்டுக்குத் தைரியம் அவ்வளவுதாம்! கூட்டத்துல தட்டுததுக்கு மட்டும் கை நீளும். கலங்கர வெளக்குக்குத் தட்டின கைதான இது?"

தபசிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. "அதச் சொல்லாதிய! அதுக்கு எனக்க பெஞ்சாதி மூணு நாளு சோறு போடல்ல! பஸ் ஸ்டாண்டுல கலங்கர வெளக்கு கேக்க ஒங்களுக்கு வெக்கமா இல்லியா மைனி? நானாவது பாவம்ணு தட்டினேன். நீங்க எந்தக் கோட்டி புடிச்சுக் கேட்டிய?" கம்பைத் தூக்கித் தரையில் அறைந்தார். அது உருண்டு மாமியின் கால் முன்னால் குறுக்காகக் கிடந்தது.

மாமி அதைத் தாண்டி உள்ளே வந்தார்.

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் தபசிமுத்துவுக்கு உறைத்தது. மாமி ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து நிலவரத்தைச் சொன்னார்: வடிகால், சகலை, பளிங்குக்கல். "இப்ப ஏசினீருல்லா, இதேதான். நாளைக்கு எந்திரிச்சு இப்படியே ஏசும். அவ்வளவுதாம் வேணும்."

அவர் தலையைச் சொறிந்தார். "ஏசலாம். ஆனா நான் மட்டும் ஏசி, நீங்க சும்மா இருந்திட்டா, நோயாளிய அடிச்சான்னு சொல்லுவானுவ. எனக்கு அடுத்த தேர்தல்ல டெபாசிட் கெடைக்காது."

"பெறவு?"

"நீங்களும் திருப்பித் தரணும். பழைய மாதிரி எனக்க மானத்த வாங்கணும். அப்பதான் அது சண்ட. ஆனா கடைசில நீங்க தோக்கணும் மைனி. வெளக்கு வேண்டாம்ணு ஒத்துக்கிடணும்."

"அவ்வளவுதான?" என்றார் மாமி. "செரி."

திரும்பி வருகிற வழியில் ஆட்டோவிலேயே ஒத்திகை ஆரம்பித்தது. நான் தபசிமுத்து. சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில் மாமி கலங்கரை விளக்கத்துக்காகப் பேசினார். பேச்சுப் பயிற்சிப் பெண் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள்.

"இங்க கடலே இல்லையே!" என்றேன்.

"கடலு இருக்க எடத்துல அலச்சத்தம் கேட்டே கர தெரியும். இல்லாத எடத்துலதாம்வே வெளக்கு வேணும்!"

"மீன்சந்தை வடிகால் என்ன ஆவது?"

"ஓடையில விழுந்தவனுக்கு மொதல்ல வெளிச்சம் வேண்டாமா? எங்க விழுந்தோம்ணு அவனுக்குத் தெரியாண்டாமா?"

"நிதி?"

"ஓடைல போட்ட பணத்த எவன் நிமிந்து பாக்கான்? வெளக்குல போட்டா நாகர்கோவில்ல நிண்ணு பாப்பான்!"

வேறு கோணத்தில் முயன்றேன், அதிலும் மடக்கினார். ஒரு கட்டத்தில், விளக்கு வந்தால்தான் என்ன என்று எனக்கே தோன்றிவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "மாமி சொல்லுததும் செரிதாம். ஒண்ணு கெட்டுனா ஊருக்கு ஒரு கெத்துல்லா?" என்றார்.

மாமி சட்டென்று நிறுத்தினார். ஆட்டோக்காரரின் பிடரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த அசையாத முகத்தில் கண் மட்டும் பயந்திருந்தது. மடியில் வலது கை உருட்டிக்கொண்டே இருந்தது. இடது கையால் அதைப் பிடித்து அழுத்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒரு சுத்து கூடப் போம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "மொதல்ல இருந்து கேளு மக்களே. இந்தத் தடவ நான் தோக்கப் பாக்கேன்."